பழைய டெக்கிலிருந்து புதிய டிகோடர் வரை: வீடியோ புரொசெசரில் கருவிகளை இணைக்கும் முறை

மலையகத்து வீடுகள் பலவற்றில் இன்று ஒரே மேசையில் மூன்று தலைமுறைக் கருவிகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. கல்யாணக் கசெட்டுகளையும் தோட்டத்துக் காமன் கூத்துப் பதிவுகளையும் ஓட்டும் பழைய டெக், அதன்மேல் டிவிடி அல்லது புளூ-ரே பிளேயர், பக்கத்தில் கூரை மேலுள்ள டிஷ் அன்டனாவிலிருந்து வயர் இறங்கும் டிகோடர், இவற்றுக்குப் பின்னால் இணையத்திலிருந்து படம் எடுக்கும் விரலளவு ஸ்டிக். ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு வரி எண்ணிக்கையிலும் ஒரு வேகத்திலும் படத்தை அனுப்புகிறது. சுவரில் தொங்கும் டிவியோ புரொஜெக்டரோ தனக்குரிய ஓர் அளவில்தான் அதைக் காட்டும். இடையில் இருந்து எல்லாவற்றையும் அந்த ஓர் அளவுக்குக் கொண்டுவருவதே வீடியோ புரொசெசரின் வேலை. லுமாஜென், டிவிடிஓ போன்ற பெயர்களில் தனிப் பெட்டியாகவும், ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் ஏவி ரிசீவர்கள் சிலவற்றின் உள்ளே ஒரு பகுதியாகவும் அது இருக்கிறது.

வயரைக் கையில் எடுப்பதற்கு முன் ஒரு விதியை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். படத்தின் அளவை மாற்றும் வேலை வழிநெடுகிலும் ஒரே ஒருமுறை, ஒரே ஓரிடத்தில் நடக்க வேண்டும். டிவிடி தட்டில் இருப்பது 576 வரிகள்; அதைப் பிளேயர் 1080 ஆக்கி, ரிசீவர் 2160 ஆக்கி, அதன் பிறகு புரொசெசர் கையில் கொடுத்தால், முதலில் நேர்ந்த பிழையைப் பின்னால் வருபவை பெரிதாக்கிக் காட்டுமேயன்றி நீக்கமாட்டா. ஆகவே ஒவ்வொரு கருவியும் தன்னிடம் உள்ளதை உள்ளபடியே அனுப்பும்படி அமைப்பதுதான் இங்கே சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அடிப்படை. பெரும் விலை கொடுத்துப் புரொசெசரை வாங்கிவிட்டு, அதன் வேலையை மலிவான பிளேயரிடம் ஒப்படைப்பதில் பொருளில்லை.

ரிசீவருக்கு முன்னாலா, பின்னாலா

முதலில் தீர்மானிக்க வேண்டியது புரொசெசர் எந்த இடத்தில் நிற்கும் என்பதாகும். எல்லாக் கருவிகளையும் ஏவி ரிசீவரில் இணைத்து, அங்கிருந்து ஒரே ஒரு எச்.டி.எம்.ஐ. கேபிளைப் புரொசெசருக்கும், அதிலிருந்து இன்னொன்றைத் திரைக்கும் கொண்டுபோவது ஒரு வழி. வயர் குறையும், ஒலியும் நேராக ரிசீவரிலேயே இறங்கிவிடும். ஆனால் புரொசெசருக்குத் தெரிவது ஒரே ஒரு நுழைவாய் மட்டுமே என்பதால், டெக்குக்கு ஒரு வண்ண அமைப்பு, டிகோடருக்கு இன்னொன்று என்று தனித்தனியாகச் சேமித்து வைப்பது கடினமாகிறது. அத்துடன் ரிசீவரின் மெனுவில் படத்தை மேம்படுத்தும் அமைப்புகள் அனைத்தையும் தேடிப்பிடித்து நிறுத்தவும் வேண்டும்.

மற்ற வழி, கருவிகள் எல்லாவற்றையும் நேராகப் புரொசெசரில் செருகி, ஒலியை மட்டும் அதன் இரண்டாவது வெளிவாயிலிருந்து ரிசீவருக்கு அனுப்புவது. புரொசெசரில் போதிய துளைகள் இருந்தால் இதுவே சிறந்தது என்பது என் கருத்து, ஏனெனில் ஒவ்வொரு துளைக்கும் தனித்தனி நினைவகம் கிடைக்கிறது. எந்த வழியைத் தேர்ந்தாலும், படத்தைச் சீராக்குவதற்குப் புரொசெசர் ஓரிரு ஃபிரேம்களை (தனித்தனிப் படங்களை) தேக்கி வைத்துத்தான் வெளியே விடும். விநாடிக்கு 25 ஃபிரேம்கள் ஓடும்போது ஒரு ஃபிரேமுக்கு 40 மில்லிவிநாடி. இரண்டு ஃபிரேம்கள் தேங்கினாலே உதடு அசைவதற்கு முன் குரல் வந்துவிடும். ரிசீவரின் ஒலித் தாமத அமைப்பில் அந்த அளவைச் சேர்த்தால் சரியாகிவிடும். செய்தி வாசிப்பவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே கூட்டிக் குறைப்பது எளிது.

4கே (2160 வரி) கருவி ஏதேனும் இருந்தால் திட்டத்தை வரையும்போதே எச்.டி.சி.பி. என்ற பதிப்புரிமைப் பூட்டையும் கணக்கில் எடுக்க வேண்டும். 4கே படங்களுக்கு 2.2ஆம் பதிப்பு தேவை. கருவிக்கும் திரைக்கும் இடையில் நிற்கும் பெட்டிகளில் ஏதேனும் ஒன்று அதை அறியாததாக இருந்தால், படம் 1080க்கு இறங்கும், அல்லது திரை கறுப்பாகவே நிற்கும். கேபிளை எத்தனை முறை மாற்றினாலும் இது தீராது. பழைய புரொசெசரை வைத்திருப்பவர்கள் 4கே கருவியை நேரடியாகத் திரையில் இணைத்து, ஒலியைத் திரையின் ஏ.ஆர்.சி. (ஒலியைத் திருப்பியனுப்பும்) துளை வழியாக ரிசீவருக்குத் திருப்பிக்கொண்டு, மற்றக் கருவிகளை மட்டும் புரொசெசரிடம் விட்டுவிடுவது நல்லது. அது வேலை மிச்சம்.

கேபிளின் நீளமும் முக்கியம். எச்.டி.எம்.ஐ. 2.0 கடத்தும் உச்ச அளவு விநாடிக்கு 18 கிகாபிட். சாதாரணச் செப்புக் கேபிள் அந்த அளவை ஏறத்தாழ 5 மீற்றர் வரை நம்பிக்கையாகத் தாங்கும். புரொஜெக்டர் அறையின் மறுகோடியில் இருந்தால் ஒளியிழைக் கேபிளே பொருத்தம். அதற்குத் திசை உண்டு. கருவியின் பக்கம் எது, திரையின் பக்கம் எது என்று இரு முனைகளிலும் எழுதியிருக்கும். அதை வாசிக்காமல் சீலிங்குக்குள் இழுத்துவிட்டால் முழுவதையும் உருவி மறுபடி இழுக்க நேரும்.

டெக்: மிகுந்த பொறுமை வேண்டிய கருவி

ஏனைய கருவிகளை ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம். ஒரு மாலை முழுவதையும் வாங்கிக்கொள்வது டெக்தான். ஆனால் புரொசெசர் ஒருவர் வீட்டில் இருப்பதன் பயனை அதிகமாக உணர்த்துவதும் அதுவே.

இணைப்பதற்கு முன் கசெட்டைப் பாருங்கள். நுவரெலியா, தலவாக்கலை, ஹட்டன் பக்கத்து ஈரக் காற்றில் ஆண்டுக்கணக்காக அலுமாரியில் கிடந்த கசெட்டின் சிறிய கண்ணாடி வழியே, சுற்றியிருக்கும் நாடாவின் விளிம்பை விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தால், மாவு தூவியது போன்ற வெள்ளைப் படலம் தெரியக்கூடும். அது பூஞ்சணம். அதை டெக்கில் போட்டால் நாடாவைப் படிக்கும் ஹெட் அடைபடுவது மட்டுமல்ல, அடுத்துப் போடும் நல்ல கசெட்டுகளுக்கும் அது தொற்றும். அத்தகைய கசெட்டைத் திறந்து துடைக்கத் தெரிந்தவரிடம் முதலில் கொடுக்க வேண்டும்.

டெக்கையும் கவனிக்க வேண்டும். குளிர்ந்த அறையில் கிடந்த டெக்கைச் சூடான அறைக்குக் கொண்டுவந்த உடனே இயக்கினால், உள்ளே சுழலும் உருளையின்மேல் பனித்துளி படிந்து நாடா அதில் ஒட்டிக்கொள்ளும். சில டெக்குகள் ஈரத்தை உணர்ந்து ஓட மறுக்கும்; அது பழுதல்ல. இரண்டு மணி நேரம் அறையின் சூட்டுக்குப் பழகவிட்டால் போதும்.

இனி வயருக்கு வருவோம். சாதாரண வி.எச்.எஸ். டெக்கில் இரண்டு வெளிவாய்கள் இருக்கும். அன்டனாத் துளை போன்றது ஒன்று. மஞ்சள் நிறக் கொம்பொசிட் துளை மற்றொன்று. முதலாவதை மறந்துவிடலாம், ஏனெனில் அதை வாங்கிக்கொள்ளும் டியூனர் புரொசெசரில் இருக்காது; இருந்தாலும் அதன் படம் மோசமானது. மஞ்சள் துளையிலிருந்து 75 ஓம் கேபிளில் இணைக்க வேண்டும். எஸ்-வி.எச்.எஸ். வகை டெக்காக இருந்து, நான்கு ஊசிகள் கொண்ட எஸ்-வீடியோ துளையும் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். கொம்பொசிட்டில் வெளிச்சமும் நிறமும் ஒரே வயரில் கலந்து வருகின்றன. அவற்றைப் பிரிக்கும்போது பிழை நேர்ந்தால், கல்யாணப் படத்தில் மணப்பெண்ணின் பட்டுச் சேலைக் கரையிலுள்ள நெருக்கமான கட்டங்களின்மேல் இல்லாத வானவில் நிறங்கள் ஊர்ந்து திரிவதைக் காணலாம். எஸ்-வீடியோவில் இரண்டும் தனித்தனிக் கம்பியில் வருவதால் அந்தத் தொல்லை பெரிதும் குறைகிறது. புதிய புரொசெசர்கள் பலவற்றில் எச்.டி.எம்.ஐ. துளைகள் மட்டுமே இருக்கும். அப்படியானால் இடையில் ஒரு மாற்றி தேவைப்படும். அளவை மாற்றாமல் 576 வரி இன்டர்லேஸாகவே (ஒன்றுவிட்ட வரிகள் ஒருமுறை, மீதி வரிகள் மறுமுறை என்று பாதிப் பாதிப் படமாகவே) வெளிவிடக்கூடியதைத் தேடி வாங்க வேண்டும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் சிறு பெட்டிகள் 720 அல்லது 1080 மட்டுமே தருபவை. முன்சொன்ன விதியை அவை அங்கேயே மீறிவிடுகின்றன.

படம் வந்த பிறகு மேற்பகுதி ஒரு பக்கமாக வளைந்து நடுங்குவதையோ, நாடா சற்றே தேய்ந்த இடத்தில் புரொசெசர் படத்தை இழந்து திரை கறுப்பாவதையோ பார்க்க நேரலாம். பழைய குழாய் டிவி அந்த நடுக்கத்தைத் தாங்கிக்கொண்டது. எண்ணிம முறையில் இயங்கும் புரொசெசர் தாங்காது. நாடாவின் ஓட்டத்தில் வரும் நேரக் குழறுபடியே இதற்குக் காரணம். டி.பி.சி. எனப்படும் நேரச் சீராக்கி உள்ள டெக் கிடைத்தால் நல்லது. இல்லையேல், சில டிவிடி ரெக்கோர்டர்களின் ஊடாக டெக்கின் படத்தைச் செலுத்தி எடுத்தாலே பெருமளவு சீராகிவிடும். பதிவு செய்ய வேண்டியதில்லை, ஊடாகச் சென்றால் போதும்.

படத்தின் அடிவிளிம்பில் சில வரிகள் கிழிந்த துணியின் ஓரம் போலத் துடித்துக்கொண்டிருப்பது நாடாக் கோளாறல்ல. இரு ஹெட்டுகளுள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் இடம் அது. பழைய டிவியின் சட்டம் அதை மறைத்துவிட்டது. புரொசெசரின் விளிம்பு வெட்டும் அமைப்பில், அந்த நுழைவாய்க்கு மட்டும், கீழே பத்து வரிகளளவு மறைத்துச் சேமித்துவிடலாம். வடிவத்தை 4:3 என்றே வைத்திருங்கள். இருபுறமும் கறுப்பு நிற்கிறதே என்று 16:9க்கு இழுப்பவர்கள் இருக்கிறார்கள். தாத்தாவின் முகம் அகலமாகிவிடுவதைத் தவிர அதில் வேறு பலன் எதுவுமில்லை.

ஜப்பானிலிருந்து வந்த பழைய பொருட்கள்

பீதுருதாலகாலை உச்சியில் ஒளிபரப்பு நிலையம் அமைத்து ரூபவாஹினி 1982இல் தொடங்கிய காலந்தொட்டு நம் தொலைக்காட்சி பால் (PAL) எனப்படும் முறையிலேயே இயங்கிவருகிறது: 625 வரிகள், அவற்றுள் படத்துக்கு 576, விநாடிக்கு 50 பாதிப் படங்கள். ஜப்பானின் பழைய முறையோ என்.டி.எஸ்.சி.: 525 வரிகள், படத்துக்கு ஏறத்தாழ 480, விநாடிக்கு ஏறக்குறைய 60 பாதிப் படங்கள். ஜப்பானில் பாவித்துவிட்டு இங்கே வந்து விற்கப்படும் டெக்கில் நம் வீட்டுக் கசெட்டைப் போட்டால் படம் சரியாக வராது. அங்கிருந்து வந்த கசெட் இங்குள்ள டெக்கிலும் அப்படியே. புரொசெசர் இரண்டு முறைகளையும் ஏற்றுக்கொள்ளும் என்றாலும், டெக் ஓட்டாத ஒன்றை அது உண்டாக்க முடியாது.

அத்தகைய கருவிகளில் மூன்று விடயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, அக்கருவிகள் 100 வோல்ட் மின்சாரத்துக்கானவை. நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் எரிந்துவிடும். பின்புறத்தைப் படித்துப் பார்த்து, தகுந்த வாட் அளவுள்ள ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்ஃபோமர் வைக்க வேண்டும். அடுத்து, பின்பக்கத்தில் டி என்று குறிக்கப்பட்ட தட்டையான துளையைக் கண்டு குழம்பத் தேவையில்லை. கொம்பொனென்ட் வீடியோவை மூன்று வயர்களுக்குப் பதிலாக ஒரே செருகியில் கொண்டுபோகும் ஜப்பானிய ஏற்பாடு அது. ஒரு முனையில் அந்தச் செருகியும் மறுமுனையில் பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று முனைகளும் உள்ள வயரால் புரொசெசரில் இணைக்கலாம். மூன்றாவது கறுப்பின் அளவு. அமெரிக்க என்.டி.எஸ்.சி.யில் கறுப்பு சற்றே உயர்த்தி வைக்கப்பட்டிருக்கும்; ஜப்பானியத்தில் அப்படியில்லை. இருள் காட்சிகளில் விவரம் மறைந்தாலோ சாம்பல் பூத்தாலோ, அந்த நுழைவாயின் கறுப்பு அமைப்பை மாற்றிப் பார்க்க வேண்டும்.

கொம்பொனென்ட் வயரைப் பற்றி ஒரு சொல். ஒலியும் சேர்ந்து வரும் ஐந்து முனைக் கட்டில் இரண்டு சிவப்புகள் இருக்கும். பச்சை, நீலத்தோடு ஒட்டிச் செல்வது படத்துக்கானது. வெள்ளையோடு செல்வது ஒலிக்கானது. படம் முழுவதும் பச்சையும் நீலமும் தூக்கலாக, முகங்கள் நோயாளிகளைப் போல் தெரிந்தால் முதலில் இந்தச் சிவப்புகளைப் பாருங்கள்.

டிவிடி, டிகோடர், ஸ்டிக், கணினி

டிவிடி பிளேயரில் வெளிவரும் அளவை 576 இன்டர்லேஸ் என்று வைக்க வேண்டும். சில பிளேயர்கள் எச்.டி.எம்.ஐ.யில் அதைத் தராமல் 576 புரொகிரெசிவிலிருந்தே (முழுப் படமாகவே) தொடங்கும்; அப்போது, புரொசெசரில் துளை இருந்தால், கொம்பொனென்ட் வழியே இன்டர்லேஸாக அனுப்புவது மேல். புளூ-ரேயில் திரைப்படங்களை விநாடிக்கு 24 ஃபிரேம்களாகவே விடும் அமைப்பையும், தட்டில் உள்ளதை உள்ளபடியே விடும் 'சோர்ஸ் டிரெக்ட்' என்ற தெரிவு இருந்தால் அதையும் இயக்கிவிடலாம்.

டிகோடரில் ஒரு சிக்கல் உண்டு. எச்.டி. சனல்களை 1080 இன்டர்லேஸ் என்ற அளவில் ஒளிபரப்புகிறார்கள் என்றால், பழைய சனல்கள் 576 வரிகளில் வருகின்றன. வந்ததை வந்தபடியே விடும் அமைப்பு டிகோடரில் இருந்தால் அதுவே முறைப்படி சரி; ஆனால் சனல் மாற்றும் ஒவ்வொரு முறையும் திரை சில விநாடிகள் இருண்டுவிடும். வீட்டார் அதைப் பொறுப்பார்களா என்பது வேறு கேள்வி. பெரும்பாலும் எச்.டி.யில் கிரிக்கெட் பார்க்கும் வீட்டில் 1080 இன்டர்லேஸிலேயே நிறுத்திவிடலாம். அந்த நுழைவாய்க்குப் புரொசெசரில் திரைப்பட முறையைத் தேராமல் வீடியோ முறையைத் தேர வேண்டும். கிரிக்கெட் நேரடியாக 50 பாதிப் படங்களாக எடுக்கப்படுவதால், திரைப்பட முறையில் பந்தின் ஓரங்கள் சீப்புப் பற்களாகப் பிரிந்து தெரியும்.

ஸ்டிக் வகைகள் பெரும்பாலும் எதையும் 60 என்ற வேகத்துக்கு மாற்றியே அனுப்பும். 24இலோ 25இலோ எடுக்கப்பட்ட படம் அதனால் சீராக நகராமல் சற்றே தடுக்கித் தடுக்கிச் செல்லும். மூல வேகத்தைப் பின்பற்றும் அமைப்பு ஃபயர் டிவி, ஆப்பிள் டிவி ஆகியவற்றின் மெனுவில் உண்டு, அதை இயக்கிவிடுங்கள். ஸ்டிக்குக்கான மின்சாரத்தைப் புரொசெசரின் யூ.எஸ்.பி. துளையிலிருந்து எடுக்காமல், அதனுடன் வந்த அடாப்டரிலிருந்தே கொடுக்க வேண்டும்.

மடிக்கணினி 0 முதல் 255 வரையான வெளிச்ச அளவைப் பயன்படுத்துகிறது. ஏனைய கருவிகள் 16 முதல் 235 வரை. புரொசெசரில் இது பொருந்தாவிட்டால் கறுப்பெல்லாம் சாம்பலாகும், அல்லது நிழல்கள் ஒரே கறுப்பாக ஒட்டிக்கொள்ளும்.

எர்த், இரைச்சல், இடி

அனலொக் வயர்களில் படத்தின் குறுக்கே மங்கலான பட்டை மெதுவாக மேலேறிச் சென்றாலும், ஸ்பீக்கரில் ரீங்காரம் கேட்டாலும், பெரும்பாலும் காரணம் கருவிகளின் எர்த் இரண்டு இடங்களில் வெவ்வேறாக இருப்பதுதான். டிஷ் வயரை டிகோடரிலிருந்து கழற்றிப் பாருங்கள். பட்டை மறைந்தால் அது டிஷ் வழியாக வருகிறது. எல்லாக் கருவிகளையும் ஒரே பிளக் பொயின்டிலிருந்து பிரியும் ஒரே மல்டி-பிளக்கில் மாட்டுவதும், டிஷ் வயரின் உறை வீட்டுக்குள் நுழையும் இடத்தில் வீட்டு எர்த்தோடு இணைக்கப்படுவதும் வழி. இரண்டாவதை எலக்ட்ரீஷியனிடம் விட வேண்டும். எர்த் இணைப்பைத் துண்டிக்கும் ஐசோலேட்டர் ஒன்றை டிஷ் வயரின் நடுவில் வைக்க வேண்டாம். டிகோடர் அதே வயர் வழியாகத்தான் 13 அல்லது 18 வோல்ட்டை டிஷ்ஷின் முன்னால் அலைகளை வாங்கும் எல்.என்.பி.க்கு அனுப்புகிறது. அது தடைபட்டால் சனல்கள் வராது. பிளக்கின் எர்த் முள்ளை உடைத்து ரீங்காரத்தை நிறுத்துகிறவர்களும் உண்டு. அது உயிருக்கு ஆபத்து.

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை மலைகளில் வலுக்கிறது. வானம் இருளும்போது டிஷ் வயரையும் மின்சாரச் செருகிகளையும் கழற்றிவிட வேண்டும். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. மின்னல் டிஷ் வழியே இறங்கினால் டிகோடரோடு நிற்காமல், எச்.டி.எம்.ஐ. கேபிளைப் பிடித்துக்கொண்டு புரொசெசரின் துளையையும் எரித்துவிடும்.

கரண்ட் போய் வந்ததும் எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் விழித்து, ஒன்றையொன்று அடையாளம் காணாமல் திரை கறுப்பாகவே நிற்கக்கூடும். அனைத்தையும் பிளக் பொயின்டில் அணைத்து, ஒரு நிமிடம் விட்டு, முதலில் திரை, பிறகு புரொசெசர், அடுத்து ரிசீவர், கடைசியில் கருவி என்ற வரிசையில் போடுங்கள். அதன் பிறகும் படம் வராவிட்டால், புரொசெசரிலிருந்து திரைக்குச் செல்லும் கேபிளைக் கழற்றி மறுபடி செருகிப் பார்க்க வேண்டும்.